றிஸ்னாவின் அளவில் ஒரு கார்

மிஹ்லாருக்கு ஒரு கால்தான் காருக்குள் ஒழுங்காகப் போயிற்று. மற்றக் காலையும் உள்ளே வைத்து உட்காரப் பார்த்தபோது இடுப்பு மாட்டிக்கொண்டது. கீழே இறங்கவும் முடியவில்லை, மேலே எழும்பவும் முடியவில்லை. கல்முனைக்குடியில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கும் மனிதர், தெருவில் போனால் பத்துப் பேர் சலாம் சொல்லும் மனிதர், தகரப் பேணிக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்ட குழந்தையைப் போல முழித்துக்கொண்டு நின்றார்.

"மூச்ச உள்ளுக்கு இழுங்க மச்சான்," என்றாள் றிஸ்னா. சிரிக்காமல் சொல்லப் பெரிய பாடுபட்டாள்.

"இழுத்துக்கிட்டுத்தான் இரிக்கன்!"

மதிலுக்கு அங்கால் நின்ற நஸீறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஹ்லார் அவளுடைய புருஷன். றிஸ்னா அவளுடைய ஒரே தங்கச்சி. கடைசியில் வாப்பா அபூசாலி ஒரு கையையும் கராஜில் வேலை செய்யும் அஸ்கி மற்றக் கையையும் பிடித்து இழுக்க, மிஹ்லார் ஒரு பெருமூச்சோடு வெளியே வந்தார். சாரத்தைச் சரிசெய்தார். ஒன்றுமே நடக்காத மாதிரிக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அகலம் நாலு இஞ்சி காணாது. ரெண்டு பக்கத்தையும் வெட்டி அகலிக்கணும். சீற்றப் பின்னுக்குத் தள்ளணும். அஸ்கி, நாளைக்கு இரும்பு வெட்டுற கிரைண்டரக் கொண்டு வா."

"என்னத்துக்கு?" என்றாள் றிஸ்னா.

"என்னத்துக்கெண்டா? மறுகா நான் எப்பிடி ஓட்டுற?"

"நீங்க ஏன் ஓட்டணும்?"

மிஹ்லார் போனை எடுத்துக் காட்டினார். கடற்கரைத் திடலில் நடக்கப்போகும் கைத்தொழில் கண்காட்சியின் விளம்பரம். நடுவில் அவளுடைய கார். அவள் வாசலில் நிற்கும் கார், அவள் பூசிய பச்சை நிறம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: 'மிஹ்லார் மோட்டர்ஸ் பெருமையுடன் வழங்கும் எமது ஊரில் செய்த முதல் கார்.'

றிஸ்னா அதை இரண்டு தரம் வாசித்தாள். பட்டதாரி அல்லவா, ஒரு தரத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு துணிச்சல் இருக்கும் என்று நம்புவதற்கு இரண்டாவது தரம் தேவைப்பட்டது.

கார் என்றதும் யாரும் பெரிதாக ஒன்றை நினைத்துவிடக் கூடாது. முன்னுக்கு ஓராள், அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓராள். அவ்வளவுதான் கொள்ளும். மையத்துக் கொண்டுபோகிற சந்தூக்குப் பெட்டியை விடக் கொஞ்சம் அகலம் என்று உம்மா றஹீமா முதல் நாளே சொல்லிவிட்டார். நாலு சில்லும் மோட்டர்சைக்கிள் சில்லு. பின்னால் ஒரு நூற்றிருபத்தைந்து சீசீ எஞ்சின். நூறு வருஷத்துக்கு முன்னால், கார் வாங்க வசதியில்லாத சனங்கள் வெளிநாடுகளில் இப்படித்தான் செய்து ஓட்டியிருக்கிறார்கள்: மோட்டர்சைக்கிள் எஞ்சின், மரச்சட்டம், மேலே துணி. அந்தப் பழைய படங்களை ஒலுவில் கம்பஸில் பொறியியல் படிக்கும்போது இணையத்தில் பார்த்து அவள் சேமித்து வைத்திருந்தாள். அப்போது அது வெறும் ஆசை. ஆசை கோபமாக மாறியது நஸீறா விழுந்த பிறகுதான்.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று நஸீறா மிஹ்லாரின் மோட்டர்சைக்கிளில் ஒருக்களித்து உட்கார்ந்து நிந்தவூருக்குப் போனாள். காரைதீவுச் சந்தி தாண்டும்போது அபாயாவின் நுனியைச் சங்கிலி பிடித்தது. துணி சுற்ற, ஆள் தெருவில். தோள் எலும்பு உடைந்து மாதக்கணக்காகக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: "அபாயாவ ஒழுங்காப் புடிச்சிரிக்கணும் புள்ள." ஒருவராவது சங்கிலியைக் குறை சொல்லவில்லை. ஊரில் பாதிச் சனம் உடுத்துகிற உடுப்பு அது. அந்த உடுப்போடு ஏறி இறங்கத் தோதான ஒரு வண்டியை ஏன் யாரும் செய்யவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஸ்கூட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். கைப்பிள்ளையையும் மழையையும் உம்மாவின் முழங்கால் வருத்தத்தையும் ஸ்கூட்டியில் ஏற்றிப் பார்க்கட்டும்.

விழுந்த மோட்டர்சைக்கிளை மிஹ்லார் ராசியில்லை என்று கராஜின் பின்பக்கம் எறிந்துவிட்டார். அதன் எஞ்சினைத்தான் றிஸ்னா கழற்றி எடுத்தாள். வாப்பா வயலுக்குப் போகும் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கழித்துப் போட்ட பற்சில்லுகள், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஸ்டியரிங், பெட்டிக் குழாய், பலகை. உடம்புக்கு ஃபைபர். அதற்கு அவள் ஒலுவில் துறைமுகத்தில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டும் சுலக்சனைப் பிடித்தாள். பாண்டிருப்புக்காரன், வாய் ஓயாது. "அக்கா, இதுக்கு ரெண்டு துடுப்பும் போட்டுத் தாறன், பெற்றோல் முடிஞ்சா வலிச்சிக்கிட்டுப் போகலாம்," என்று சிரித்துச் சிரித்தே ஒட்டிக் கொடுத்தான்.

அளவு மட்டும் உம்மாவுடையது. றஹீமா அபாயா தைப்பவர். ஒரு நாள் றிஸ்னா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, "உம்மா, அளவெடுங்க," என்றாள். உம்மா என்ன ஏது என்று கேட்காமல் நாடாவைப் போட்டு இடுப்பு, முழங்கால், கை நீளம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அளவுக்கே சட்டம் வெட்டி, அந்த அளவுக்கே மிதிகட்டை வைத்து, அந்த அளவுக்கே உடம்பு ஒட்டினாள். றிஸ்னா குள்ளம், மெலிவு. அதனால் காரும் குள்ளம், மெலிவு. ஆண்பிள்ளைகள் தங்களுக்கு அளவெடுத்து உலகத்தைச் செய்துவிட்டு அதில் நம்மை ஏறச் சொல்கிறார்கள். இது ஒன்றாவது மாறி இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பிழையும் விட்டாள். பழைய படங்களில் இருந்தபடி எஞ்சினை வைத்தால் சைலன்சர் ஏறி இறங்கும் பக்கமாக வரும். அபாயா பட்டால் பொசுங்கும். ஆகவே எஞ்சினை அப்படியே கிறுக்கித் திருப்பி, முன்பக்கம் பின்னாகப் பொருத்தினாள். எஞ்சினைத் திருப்பினால் சில்லும் மற்றப் பக்கம் சுற்றும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. துணியைப் பற்றி யோசித்த யோசனையில் அது மூளைக்கு வரவில்லை. முதல் நாள் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் கார் முழு வேகத்தில் பின்னால் பாய்ந்து, உம்மாவின் வாத்துக் கூட்டை உடைத்துக்கொண்டு, தென்னங்கிடுகு வேலிக்குள் போய் நின்றது. வாத்துகள் ஒரு பக்கம், மிஹ்லாரின் சிரிப்பு ஒரு பக்கம். "கம்பஸ் படிச்ச புள்ள செஞ்ச கார், பின்னுக்குத்தான் போகும்!" அந்த வசனம் பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாப்பாவின் பற்சில்லுகள் இரண்டை இடையில் கோத்து அவள் அதைச் சரிசெய்தாள். ஒரு தடியை இழுத்தால் முன்னுக்கு, தள்ளினால் பின்னுக்கு. பழைய படங்களில் இருந்த கார்கள் பலவற்றுக்குப் பின்னால் போகும் வசதியே இல்லை. இறங்கித்தான் தள்ள வேண்டும். அவளுடைய காருக்குப் பிழையால் வந்த சொத்து அது. கார் முன்னுக்கு ஓடிய அன்று சிரித்த அதே மிஹ்லார்தான் போனில் படம் பிடித்தார். தன் கராஜின் பக்கத்தில் போட்டார். பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள், கண்காட்சிக்காரர்கள் அவருக்கு அழைப்பு எடுத்தார்கள். அவர் "ஓம், எங்கட தயாரிப்புத்தான்," என்றார். அவ்வளவு இலேசாக.

மிஹ்லார் காருக்குள் மாட்டிக்கொண்ட அன்று, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டில் கூட்டம். உம்மா தேத்தண்ணி ஊற்றினார். நல்ல தேத்தண்ணி ஊற்றினாலே றிஸ்னாவுக்குத் தெரியும், தலையில் ஏதோ கட்டப்போகிறார்கள்.

"நீதான் செஞ்சாய் எண்டு ஊருக்கே தெரியும் புள்ள," என்று மிஹ்லார் தொடங்கினார். "பேர் எதுக்கு ஒனக்கு? பேர் எண்டா கராஜுக்கு வாடிக்க வரும். நல்லா வந்தா ஒனக்கும் ஒரு மேசை போட்டுத் தாறன். கணக்கெழுது."

"கணக்கெழுதவா நான் நாலு வருஷம் எஞ்சினப் படிச்ச?"

"படிச்சி எங்க வேலை கெடச்ச?"

அது குத்தும் என்று தெரிந்துதான் குத்தினார். கொழும்பில் ஒரு கம்பனியில், "கல்யாணம் முடிச்சா விட்டுட்டுப் போயிடுவீங்கதானே?" என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில், "ஆம்பிளைகளோட கிறீஸ் பூசிக்கொண்டு நிப்பீங்களா?" என்றார்கள். நிற்பேன் என்றாள். அதற்காகவே எடுக்கவில்லை போலும். இந்தக் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதலாள் அவள். அந்தப் பட்டம் இதுவரை பயன்பட்டது மாப்பிள்ளை பேசும் இடங்களில் மட்டும். "எங்கட புள்ள பட்டதாரி" என்று பேச்சின் நடுவில் எடுத்து வைப்பார்கள், பிறகு வெற்றிலைத் தட்டத்தைப் போல உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள்.

"வெட்ட விடமாட்டன்," என்றாள்.

உம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். "பாலமுனையில இரிந்து ஒரு எடம் வந்திரிக்கி மகள். நல்ல குடும்பம். அவங்களும் கண்காட்சிக்கு வருவாங்களாம். ஒரு கொமருப் புள்ள அவ்வளவு சனத்துக்கு முன்னால காரோட்டிக்கிட்டுப் போனா…"

"போனா?"

"என்ன நெனப்பாங்க?"

"காரோட்டத் தெரிஞ்ச புள்ள எண்டு நெனப்பாங்க. அது வேணாமெண்டா இப்பவே தெரிஞ்சிக்கிறது நல்லம்தானே உம்மா. முடிச்சதுக்குப் பொறகு தெரிஞ்சா ஒடஞ்ச வாத்துக் கூட்டத் திருப்பிக் கட்டுற மாதிரிக் கட்ட ஏலுமா?"

அபூசாலி மெல்லச் சொன்னார்: "ஒரு நாள்தானே மகள். மச்சான் ஓட்டட்டுமே. பொறகு ஒன்ட அளவுக்கே திருப்பி ஒட்டிக்க."

"வெட்டினா வெட்டினதுதான் வாப்பா. சட்டம் பலமில்லாமப் போயிரும். நான் ஏறினாலும் ஆடும்."

"அஸ்கிய ஓட்டச் செல்லுவமா? அவன் மெலிவுதானே," என்றார் அபூசாலி.

"அவன் நெட்டை. முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்கும்."

"மறுகா, மொதலாளி பாத்துக்கிட்டு நிக்க வேலைக்காரனா ஓட்டுற?" என்று மிஹ்லாரும் பாய்ந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் றிஸ்னாவும் ஒரே கட்சி. பிறகு அவர் கடைசிச் சாமானை எடுத்து வைத்தார். "எஞ்சின் என்ட. மறந்திராத."

"மறக்கல்ல. ராத்தாவத் தெருவுல விழுத்தின எஞ்சின். நீங்க எறிஞ்சது, நான் பொறுக்கினது."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த நஸீறா தன் தோளைத் தடவிக்கொண்டாள். மிஹ்லார் அவளைப் பார்க்காமல் எழும்பிப் போனார். இல்லை என்று சொல்லியாயிற்று, இத்தோடு முடிந்தது என்று றிஸ்னா நினைத்தாள். படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. சொல்லைச் சொன்னால் போதும், எதிராளிக்கு விளங்கிவிடும் என்று நம்புவது.

அடுத்த நாள் அவள் எஞ்சின் மூடிக்கு ஃபைபர்ப் பசை வாங்க ஒலுவிலுக்குப் போனாள். சுலக்சன் ஒரு வள்ளத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு கதை கதையாகச் சொல்லிப் பேணியை நிரப்பிக் கொடுத்தான். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கிக் குச்சொழுங்கைக்குள் திரும்பும்போதே சத்தம் காதில் விழுந்தது. கிரைண்டர். இரும்பை வெட்டும் சத்தம் வேறு, ஃபைபரை வெட்டும் சத்தம் வேறு. அது ஃபைபர்.

பேணி கையில் ஆட ஆட ஓடினாள்.

வீட்டைச் சுற்றி வளவெல்லாம் வெள்ளைத் தூள். அஸ்கி மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். காரின் வலப்பக்கத்தில் சோக்கட்டிக் கோடு. கோட்டின் வழியே முழங்கை நீளத்துக்கு வெட்டு. மிஹ்லார் பக்கத்தில் நின்று கையால் வழி காட்டிக்கொண்டிருந்தார். வாப்பா வேலியோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா தையல் மெஷினுக்குப் பின்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

றிஸ்னா கத்தவில்லை. கத்தினால் கிரைண்டர்ச் சத்தத்தில் கேட்காது. பேணியைக் கீழே வைத்தாள், அபாயாவைச் சேர்த்துப் பிடித்தாள், காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். இடுப்பு சரியாகப் பொருந்தியது, கால் மிதிகட்டையில் சரியாகப் போய் நின்றது. கோடு இப்போது அவளுடைய தொடைக்குப் பக்கத்தில் இருந்தது.

"வெட்டு," என்றாள்.

அஸ்கி கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் விழுந்தான். சத்தம் நின்றது.

"எறங்கு புள்ள," என்றார் மிஹ்லார்.

"நீங்க எறங்குங்க."

"நான் எங்க ஏறியிரிக்கன், எறங்க?"

"என்ட வளவுல ஏறி நிக்கிறீங்க. எறங்கி வெளியால போங்க."

மிஹ்லார் சிரித்தார். "ஒன்ட வளவா?"

"ஆர்ர வளவு? வாப்பா, நீங்க செல்லுங்க. இந்த ஊடும் வளவும் ஆர்ர பேர்ல இரிக்கி?"

அபூசாலி தலையை நிமிர்த்தினார். சொல்ல என்ன இருக்கிறது? எல்லாருக்கும் தெரிந்ததுதான். இந்தக் கரையில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவுக்கு முதல் கவலை வீடு. வீட்டைக் கட்டி அவள் பேரில் எழுதாமல் மாப்பிள்ளைப் பேச்சு வாசற்படி ஏறாது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து பெண்ணுடைய வீட்டில்தான் குடியிருப்பார். மதிலுக்கு அங்கால் உள்ள வீடு நஸீறாவுக்கு எழுதியது, அதில்தான் மிஹ்லார் இருக்கிறார். இங்கால் உள்ளது றிஸ்னாவுக்கு எழுதியது. மாப்பிள்ளை வரும்வரை வாப்பாவும் உம்மாவும் அவளோடு இருக்கிறார்கள். வீடு பூச்சு முடியவில்லை, உறுதிப் பத்திரம் மட்டும் எப்போதோ முடிந்துவிட்டது.

"ஒன்ட பேர்லதான் மகள்," என்றார்.

"அது கலியாணத்துக்கு எழுதினது!" என்றார் மிஹ்லார். "வாற மாப்புளைக்கு."

"உறுதியில மாப்புளைட பேர் இரிக்கா? அவர் இன்னும் ஆரெண்டே தெரியா. ஆரெண்டு தெரியாத ஒருத்தருக்காக ஊடு எழுதலாம், நான் செஞ்ச சாமானுக்கு என்ட பேர எழுத ஏலாதா? எழுதித் தந்தது நீங்க எல்லாரும் சேர்ந்துதான். இப்ப அதுல குந்தி இரிந்துக்கிட்டுச் செல்லுறன், வெளியால போங்க."

அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது. எத்தனை வருஷமாக அந்த வீட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும். தன்னைத் தள்ளிவிடுவதற்கு வைத்த விலை என்றுதான் அதை நினைத்திருந்தாள். அந்த விலையின் மேலேயே ஏறி உட்காரலாம் என்று இவ்வளவு நாளும் தோன்றவில்லை.

மிஹ்லாருக்கு முகம் கறுத்தது. அஸ்கியின் கையிலிருந்து கிரைண்டரைப் பறித்தார். "நீ எறங்காட்டி மற்றப் பக்கத்த வெட்டுறன், பாப்பம்." சுற்றிப் போய்க் குந்தி விசையை அழுத்தினார்.

சத்தம் வரவில்லை. திரும்ப அழுத்தினார். கிரைண்டரைக் குலுக்கினார். பிறகு வயர் போன வழியே கண்ணை ஓட்டினார். வயர் மண்ணில் ஊர்ந்து, மதிலேறி, அங்கால் நஸீறாவின் கையில் முடிந்தது. பிளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள் புருஷனிடம். "என்ட ஊட்டுக் கரண்டால அத வெட்ட ஏலா."

"நஸீறா, பிளக்கப் போடு."

"போடமாட்டன். நான் விழுந்தப்ப எல்லாரும் என்ட உடுப்பத்தான் ஏசின. நீங்களும்தான் ஏசின. இவ ஒருத்திதான் எஞ்சின ஏசின. அத வெட்ட விடமாட்டன்."

மிஹ்லார் கிரைண்டரைக் கீழே வைத்தார். இந்த வளவையும் அந்த வளவையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப நான் ஆரு இஞ்ச?" என்று கேட்டார். குரலில் கோபத்தை விட வேறு ஏதோ இருந்தது.

அபூசாலி தொண்டையைச் செருமினார். அவரும் ஒரு காலத்தில், இது றஹீமாவின் வளவாக இருந்தபோது, பெட்டியோடு இங்கே வந்தவர்தான்.

"கண்காட்சி என்ட பேர்ல பதிஞ்சிரிக்கி," என்று மிஹ்லார் வாசல் படலையடியில் நின்று திரும்பிச் சொன்னார். "நீ எப்பிடி உள்ள வாறாய் எண்டு பாக்கன்."

அவர் போனதும் றிஸ்னா இறங்கி, கொண்டுவந்த பசையை எடுத்து, வெட்டின வாயில் பூசினாள். உள்ளே, மிச்சமிருந்த ஃபைபர்ப் பாயில் ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு. மூடிக்கு வாங்கியது முழுவதும் அதற்கே போயிற்று. காய்ந்த பிறகு பச்சை பூச நேரம் இருந்தது. பூசவில்லை. வெட்டினவருக்கும் தெரியட்டும், பார்க்கிறவருக்கும் தெரியட்டும்.

கண்காட்சி அன்று காலையில் காரை வாசலுக்கு எடுத்தாள். நஸீறா கேட்காமலே பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள். உம்மா படலையடி வரை வந்து, பழக்கத்தில், "அபாயாவ உள்ளுக்கு எடுங்க ரெண்டு பேரும், சங்கிலி…" என்று தொடங்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிடிக்கிற இடத்தில் சங்கிலி இல்லை, சுடுகிற இடத்தில் சைலன்சர் இல்லை. நிமிர்ந்தார்.

"மெதுவாப் போ," என்றார். போகாதே என்று சொல்லவில்லை.

இலக்கத் தகடு இல்லாத வண்டி, பிரதான வீதிக்கு ஏற முடியாது. கண்காட்சிக்கென்று பொலிஸ் அனுமதித்தது கடற்கரை வீதியை மட்டும். அந்த வீதியால் போனார்கள். கடையில் நின்றவர்கள் வெளியே வந்தார்கள். "பின்னுக்குப் போற கார் வருகுதுடோய்!" என்று ஒருவன் கத்தினான். "பின்னுக்கும் போகும் காக்கா, நீங்க செல்லுங்க எங்க போகணுமெண்டு," என்று நஸீறா அந்த 'அண்ணனுக்கு'ப் பின்னாலிருந்து திருப்பிக் கொடுத்தாள். தோள் உடைந்ததிலிருந்து தெருவில் அவள் குரல் கேட்டதில்லை.

திடலின் வாயிலில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பின்னால் மைக்கோடு ஸப்ரி நின்றான். ஊர் நிகழ்ச்சி எதுவானாலும் அவன்தான் அறிவிப்பாளன்.

"தங்கச்சி, பேர் பதிஞ்சவர் மிஹ்லார் காக்கா. அவர் ஓட்டினா விடலாம். நான் என்ன செய்ய?"

"அவர் இதுக்குள்ள கொள்ளமாட்டார். வேணுமெண்டா அவரையே கூப்பிட்டு ஏறச் செல்லுங்க, சனம் பாக்கட்டும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஸப்ரி மைக்கை அணைக்க மறந்திருந்ததால் திடல் முழுக்கக் கேட்டது. உள்ளே, கராஜின் கூடாரத்துக்கு முன்னால், பெரிய பதாகையின் கீழ் ஒரு கார் நிற்கும் அளவுக்கு வெறும் மண் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சேட்டோடு மிஹ்லார்.

றிஸ்னா மல்லுக்கு நிற்கவில்லை. காரைத் திருப்பினாள். கயிற்றுக்கு வெளியே, அலை வந்துபோன ஈரமணல் இறுகிக் கிடந்தது. அந்த மணலில் காரை விட்டாள். ஒரு போக்கு, ஒரு வரவு. நஸீறாவின் சிரிப்பும் எஞ்சினும் சேர்ந்து கேட்டன. உள்ளே கயிறு திரிக்கும் தும்பு மெஷினையும் தேங்காய் துருவும் மெஷினையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றோரம் வந்தார்கள். பெண்கள்தான் முதலில் கயிற்றுக்குக் கீழால் குனிந்து வெளியே வந்தார்கள். "ஏறி இறங்க லேசா இரிக்குமா புள்ள?" "மழைக்கு மூடி இரிக்கா?" பிரதம அதிதிக்குப் போட்ட கதிரைகளைச் சுற்றி ஆளில்லாமல் போயிற்று. கடைசியில் பிரதம அதிதியே வியர்வையைத் துடைத்துக்கொண்டு கயிற்றடிக்கு வந்து, "அந்தக் கார் எப்ப உள்ளுக்கு வரும்?" என்று கேட்டார்.

மிஹ்லார் விரைந்து வந்தார். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உள்ள வா. பேரப் பொறகு பாப்பம்."

"பேர மொதல்ல பாப்பம் மச்சான்."

ஸப்ரிக்கு விளங்கிவிட்டது, இனி இந்த நிகழ்ச்சி இந்தக் காருக்குப் பக்கத்தில்தான் நடக்கும் என்று. மைக்கின் வயரை மணலில் இழுத்துக்கொண்டு வந்தான்.

"அன்பான பெரியோர்களே, தாய்மார்களே… தங்கச்சி, இந்தக் காரச் செஞ்ச ஆரு?"

"நான்."

"ஓட்டுறது?"

"கண்ணால பாக்கிறீங்கதானே. நான்."

"மாஷா அல்லாஹ். வாப்பாட பேர்?"

"அபூசாலி. அவர் செய்யல்ல."

சனம் ஓவென்றது. கூட்டத்தின் பின்னால் வாப்பாவின் தொப்பி தெரிந்தது. அவரும் சிரித்தார் போலத்தான் இருந்தது. ஸப்ரி மிஹ்லாரின் முகத்தைப் பார்த்தான்.

"அவரப் பாக்காதீங்க," என்றாள் றிஸ்னா. "செஞ்சவட பேரச் செல்லுங்க. றிஸ்னா. அபூசாலி றிஸ்னா. பட்டதாரி எண்டும் செல்லுங்க, அதுக்கும் நான்தான் படிச்ச."

ஸப்ரி சொன்னான். ஒலிபெருக்கி அதைக் கடலுக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் சொன்னது. கயிற்றை யாரோ அவிழ்த்தார்கள். சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது.

றிஸ்னா காரை நகர்த்தவில்லை. உள்ளே, அந்த வெறும் மண்ணுக்கு மேலே, பதாகை இன்னும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. மிஹ்லார் மோட்டர்ஸ் பெருமையுடன் வழங்கும்.

"அதக் கழட்டினாத்தான் வருவன்," என்றாள்.

எல்லாரும் மிஹ்லாரைப் பார்த்தார்கள். மிஹ்லார் பதாகையைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீற்றில் நஸீறா காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"அவசரமில்ல," என்றாள் தன் புருஷனிடம். "ஆறுதலாக் கழட்டுங்க. எங்களுக்கு இரிக்க வசதியாத்தான் இரிக்கி."